பத்தாவது தட்டு

நான் ஒரு மருந்து நிறுவனத்தின் செலவில் ஹோட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டதாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம், கனமான தாள். 'தாங்கள் ஏற்றுக்கொண்ட விருந்தோம்பல்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. தேதி, ஹோட்டலின் பெயர், கூட்டத்தின் பொருள், சாப்பிட்டவர்கள் பத்துப் பேர், தலைக்கு இவ்வளவு. விவரம் தவறு என்றால் முப்பது நாளுக்குள் எழுதித் தெரிவிக்கலாம்; இல்லாவிட்டால் டாக்டர்களுக்காகச் செய்த செலவுகளின் ஆண்டுப் பட்டியலில் என் பெயரோடு வெளியாகும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அடியில் இருந்தது.

இரண்டு முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள்.

"யாரும் போகல. நான் சாப்பிட்டேனாம்."

"எங்க?"

"ஹோட்டல்ல. மருந்துக் கம்பெனி செலவுல."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "நீங்களா? வீட்டுலயே உப்புக் கம்மின்னு பாதியில எழுந்து போற ஆளு, ஹோட்டல்ல போய் உக்காந்து சாப்பிட்டீங்களா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் பார்த்தவன் நான். அத்தனை ஆண்டுகளிலும் கம்பெனிக்காரர்களிடம் ஒரு டீ குடித்ததில்லை, ஒரு பேனா வாங்கியதில்லை. அந்தக் காலத்தில் விதிகள் இவ்வளவு இறுக்கமும் இல்லை. ஆண்டு முடிந்தால் எங்கள் அறைகளில் டைரியும் காலண்டரும் குவியும். சில டாக்டர்களின் வீட்டில் டிவி எந்தக் கம்பெனி, சோபா எந்தக் கம்பெனி என்று கேட்டால், செய்தவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் பிள்ளைகள். கொடுத்தவன் பெயரைச் சொல்வார்கள். நான் விடுப்பில் இருந்த ஒரு நாள் என் அறைச் சுவரில் ஒரு கம்பெனியின் கடிகாரத்தை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வந்த அன்றே கழற்றி அனுப்பினேன். ஆணி மட்டும் நின்றது. நோயாளிகள் பழக்கத்தில் அந்த ஆணியை நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வேன்.

எனக்குக் குடிக்க வெந்நீர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வரும். நசுங்கிய பிளாஸ்க். அதனால் மருந்து விற்க வரும் கம்பெனி ரெப்புகளுக்கு நான் 'பிளாஸ்க் டாக்டர்'. உள்ளே எப்போதும் கொதிப்பு, வெளியே தொட்டால் ஒன்றும் தெரியாது என்று அவர்களில் ஒருவன் அதற்கு விளக்கமும் சொன்னானாம். இன்னொருவன் என்மேல் பரிதாபப்பட்டுப் புதிய பிளாஸ்க் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டான். அதை அவன் கம்பெனிக்கே கூரியரில் திருப்பி அனுப்பினேன். அந்தக் கூரியர் செலவுக்கு இரண்டு பிளாஸ்க் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் இரண்டு பிளாஸ்க் வைத்திருப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். திருப்பி அனுப்பிய ரசீது வைத்திருப்பவன் நான் ஒருவன்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஒரு மெடிக்கல் ரெப். என் மகன் கட்டடப் பொறியாளன். வேலை நடக்கும் இடத்திலேயே வாரத்தில் ஐந்து நாள் தங்குபவன். அவன் பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தி, அவள் வேலையையும் சொன்னபோது, நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "என் ஆஸ்பத்திரி வாசல்ல நீ கால் வைக்கக் கூடாது."

என் மகன் முகம் சுண்டிப்போனது. அவள் முகம் மாறவில்லை.

"அதை நானே கேக்கணும்னு இருந்தேன் மாமா. அங்க நான் வந்தா, விக்கிறது என் மருந்தா இல்ல உங்க பேரான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் நிறுவனத்துக்கு எழுதி அந்த ஆஸ்பத்திரியைத் தன் பொறுப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். அது அவர்களுக்கு நல்ல விற்பனை வரும் இடம். நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். அதுவரை போன ஏழு ஆண்டுகளில் அவளுக்கு வர வேண்டிய பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அவளும்தான்.

கடிதம் அவளுடைய நிறுவனத்திலிருந்துதான் வந்திருந்தது. அதில் இருந்த தேதி எனக்கு நினைவிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை. காலை பதினொன்றரைக்கு அவள் போன் செய்தாள்.

"மாமா, மேசை மேல புரொஜெக்டர் வயரு இருக்கா பாருங்க. எடுத்துக்க மறந்துட்டேன். கூட்டம் பன்னெண்டுக்கு."

வயர் இருந்தது. காரை எடுத்துக்கொண்டு நானே போனேன். மாடியில் சின்னக் கூட்ட அறை. ஒரு மூலையில் மூடி போட்ட பாத்திரங்கள், பக்கத்தில் அடுக்கிய தட்டுகள், முன்னால் நாற்காலிகள். சிறுநீரகம் பழுதான நோயாளிகளுக்கு ஒரு மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்பது பேச்சின் பொருள். டாக்டர்களுக்கு இப்படிக் கூட்டம் நடத்தினால் உணவு கொடுக்கலாம். எளிமையான உணவு, தலைக்கு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், மனைவி மக்களைக் கூட்டி வரக் கூடாது. இதெல்லாம் அவள் சொல்லி எனக்குத் தெரியும்.

வாசலிலேயே வயரை வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் மாமா. வெயில்ல வந்திருக்கீங்க, கீழ கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். சரியாகத்தான் நடந்துகொள்கிறாள் என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண்ணும் போட்டேன்.

திரும்புவதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல். "சார்! வாசலோட போறீங்களே, நாங்க என்ன பாவம் பண்ணினோம்?"

துறைத் தலைவர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நின்றவன். இப்போது நான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். அறையில் இருந்த ஒன்பது டாக்டர்களும் எழுந்து நின்றார்கள். அவர்களில் ஆறு பேர் என்னிடம் வேலை கற்றவர்கள். ஓய்வு பெற்றவனுக்காக ஒன்பது பேர் எழுந்து நிற்பது என்றால் என்னவென்று ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் தெரியும். நான் உட்கார்ந்தேன். மருமகள் என்னை ஒருமுறை பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வாள்?

உட்கார்ந்தவன் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. அவர்களில் பேச்சு நடத்திய இளைஞர் ஒரு இடத்தில் தடுமாறினார். நான் எழுந்து பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டெடுக்கப் போனார்கள். எனக்குத் தட்டு நீட்டியபோது வேண்டாம் என்று, கையோடு கொண்டுவந்த பிளாஸ்க்கைத் திறந்தேன். "சார் இன்னும் அதே பிளாஸ்க்கா?" என்று ஒரு சிரிப்பலை எழுந்தது. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் வருகைத் தாள் சுற்றி வந்தது. மருமகள் அறையில் இல்லை. பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லி ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். குறைந்தது பத்துத் தட்டுக்குத்தான் பில் போடுவோம் என்று ஹோட்டல்காரர் சொல்ல, அவள் கீழே அவரோடு மன்றாடிக்கொண்டிருந்தாள். துறைத் தலைவர் தாளை என் முன்னால் வைத்து, தன் பேனாவைத் திறந்து கொடுத்தான்.

"முதல் கையெழுத்து உங்களுது சார். அப்புறம்தான் நாங்க."

ஒரு மருந்துச் சீட்டை மூன்று முறை படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். அந்தத் தாளின் தலையில் இரண்டு வரி பொடி எழுத்தில் இருந்தது. படிக்கவில்லை. முதல் வரியில் பெயர் எழுதினேன், பட்டங்களை எழுதினேன், பதிவு எண்ணை மனப்பாடமாக எழுதினேன், கையெழுத்துப் போட்டு அடியில் ஒரு கோடும் இழுத்தேன். அந்தக் கோடு ஓய்வுக்குப் பிறகு அதுவரை நான் இழுக்காத கோடு.

கடிதம் வந்த அன்று இதெல்லாம் எனக்கு இப்படித் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது வேறு. ஒன்பது பேர் வந்தார்கள், பத்துத் தட்டுக்கு பில். பத்துத் தட்டுச் செலவை ஒன்பதால் வகுத்தால் தலைக்கு இருக்கும் வரம்பைத் தாண்டும். பத்தால் வகுத்தால் தாண்டாது. பத்தாவது தலை என் தலை. என் பெயரை என் வீட்டுப் பெண்ணே தட்டாக்கிப் பரிமாறிவிட்டாள் என்று தோன்றியது.

மாலை ஆறு மணிக்கு அவள் வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கடிதத்தை மேசையில் வைத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நான் சாப்பிட்டேனா மா?"

"இல்ல மாமா."

"அப்ப இது என்ன?"

"நீங்க போட்ட கையெழுத்து மாமா. அந்தத் தாள்ல மேல எழுதியிருக்கு, உணவை ஏற்றுக்கொண்டேன்னு. அதுக்குக் கீழ கையெழுத்து இருந்தா அவங்க கணக்குல சாப்பிட்டதாத்தான் அர்த்தம்."

"ஒன்பது பேருன்னா வரம்பு தாண்டும். இல்லையா?"

"தாண்டும். தலைக்கு ஒரு டீ காசு அளவுக்கு."

"பத்துப் பேருன்னா?"

"தாண்டாது."

"அப்ப என் கையெழுத்து உனக்கு ரொம்ப சௌகரியமாப் போச்சு."

அவள் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து என் பக்கம் வைத்தாள். "அதுல எப்படித் திருத்தம் கேக்கணும்னு போட்டிருக்கு மாமா. உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"அந்தப் பொண்ணு இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல" என்றாள் என் மனைவி. "வந்ததும் வராததுமா கோர்ட்டு வச்சாச்சு. ஏங்க, அந்தக் கையெழுத்தை யாராவது உங்க கையைப் பிடிச்சுப் போட வச்சாங்களா?"

"நீ இதுல தலையிடாத."

"தலையிடல. பத்துத் தலை ஏற்கனவே இருக்கு, பதினோராவது எதுக்கு?"

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கடிதம். நான்காவது மாடியில் நெறிமுறை அலுவலர் என்று பலகை போட்ட அறை. இந்த மாதிரி விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மாள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். முன்பு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தவராம். உட்காரச் சொல்லிவிட்டு, "காபி கொண்டுவரச் சொல்லட்டுமா டாக்டர்?" என்றார்.

"இதையும் பட்டியல்ல போடுவீங்களா?"

"நீங்க புகார் சொல்ல வந்திருக்கீங்க. புகார் சொல்ல வந்தவங்களுக்குக் காபி குடுக்கலாம். தண்ணி யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார் சிரிக்காமல்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இரண்டும் வேண்டாம் என்றேன். கடிதத்தை வைத்து, என் பெயர் தவறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, சேர்த்தது யார் என்று விசாரிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அது என் மருமகளாக இருந்தாலும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

அவர் ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"இதைப் படிங்க. கூட்டம் நடந்தது சனிக்கிழமை. இது திங்கட்கிழமை காலையில எங்களுக்கு வந்தது."

என் மருமகளின் அறிக்கை. ஒரு பக்கம்தான். வருகைத் தாளில் முதல் கையெழுத்து என் மாமனாருடையது. ஓய்வு பெற்றவர், நான் அழைக்காதவர், நான் மறந்த வயரைக் கொடுக்க வந்தவர், மரியாதை நிமித்தமாகக் கையெழுத்திட்டார், உணவைத் தொடவில்லை. ஆகவே உணவருந்தியவர்கள் ஒன்பது பேர். தலைக்குச் செலவு வரம்பைத் தாண்டியது. வருபவர்களின் எண்ணிக்கையை முதல் நாளே உறுதி செய்துகொள்ளாதது என் தவறு. இவ்வளவுதான். கீழே கையெழுத்து.

"இதுக்கு அவங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுத்தோம்" என்றார் அலுவலர். "வரம்பு மீறினா குடுக்கணும், விதி அப்படி."

"வீட்டுல அவ இதைச் சொல்லவே இல்லையே."

"அதுவும் இதுல இருக்கு." தாளைப் புரட்டினார். "உங்க கையெழுத்து இருக்கறதால, நீங்க சாப்பிடலேன்னு நீங்களே எழுதிக் குடுத்தாத்தான் எண்ணிக்கையை மாத்த முடியும். உங்க வீட்டுல தானே இருக்காரு, ஒரு வரி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னோம். அதுக்கு அவங்க எழுதின பதில்."

இரண்டாவது தாளில் மூன்று வரி. 'அவரிடம் இதை நான் கேட்க மாட்டேன். நான் கேட்டு அவர் எழுதினால், மருமகளுக்காக எழுதியதாக ஆகும். எழுதாவிட்டாலும் மருமகளுக்காக எழுதாததாக ஆகும். மற்ற டாக்டர்களுக்கு அனுப்புவதுபோல நிறுவனமே அவருக்குக் கடிதம் அனுப்பட்டும்.'

என் கையில் இருந்தது அந்தக் கடிதம்தான்.

நான் கேட்க நினைத்தது எல்லாம் தீர்ந்துபோய் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"நான் ஒண்ணும் எழுதாம எழுந்து போயிட்டா?"

"முப்பது நாள் கழிஞ்சதும் பத்துப் பேருன்னு முடிவாயிடும். உங்க பேரு பட்டியல்ல வரும், ஒரு சாப்பாடு. வரம்பு மீறலேன்னு ஆகிறதால அவங்க எச்சரிக்கை ரத்தாயிடும். அடுத்த மாசம் ஏரியா மேனேஜர் தேர்வு இருக்கு. பேரு முதல்ல அவங்களுதுதான்."

"எழுதினா?"

"ஒன்பது பேரு. மீறல் உறுதி. ஒரு வருஷம் அவங்க எந்தத் தேர்வுக்கும் போக முடியாது. நீங்க எழுதற காரணமும் உங்க பேரோட திருத்தப் பகுதியில வெளியாகும். மூணாவதா ஒண்ணு இருக்கு. அந்தக் கூட்டத்துக்கே வரலேன்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போடலாம். உங்க பேரு சத்தமில்லாம மறைஞ்சிடும். ஆனா அப்ப அந்தத் தாள் போலின்னு ஆகும். அந்தத் தாளுக்குப் பொறுப்பு அவங்க."

"அது எனக்கு வேண்டாம்" என்றேன். அதை யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. முப்பத்தெட்டு ஆண்டு சேர்த்த பெயரில் ஒரு தட்டுச் சாப்பாடு ஒட்டிக்கொள்ளட்டும். இரண்டு முறை என்னால் தள்ளிப்போன பதவி இந்த முறையாவது அவளுக்குக் கிடைக்கட்டும். மாமனார் செய்கிற பெரிய தியாகம் என்று எனக்கு நானே ஒரு மாலையும் போட்டுக்கொண்டேன். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டேன்.

அப்போது மேசையில் அவளுடைய கையெழுத்து கண்ணில் பட்டது. நான் பேசாமல் இருந்தால் ஒன்பது என்று அவள் எழுதியது பொய்யாகிவிடும். பத்து என்ற பொய் உண்மையாகிவிடும். வீட்டில் ஒருத்தி தனக்கு நஷ்டம் என்று தெரிந்தே நடந்ததை நடந்தபடி எழுதிவைத்திருக்கிறாள்; அதை அழிக்கும் ரப்பராக என் மௌனம் ஆக வேண்டுமா? என் பெயர் என்று இத்தனை ஆண்டுகளாக நான் காத்துக்கொண்டிருந்தது இப்போது என் ஒருவனிடம் மட்டும் இல்லை என்று புரிந்தது. அதன் நல்ல பாதி அந்தக் கோப்பில் இருந்தது.

உட்கார்ந்தேன். "அந்தத் திருத்தப் படிவத்தைக் குடுங்க. பொடி எழுத்து எங்க இருக்குன்னு காட்டுங்க, இந்த வாட்டி படிச்சிட்டுப் போடறேன்."

காரணம் என்ற இடத்தில் நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. இப்படி எழுதினேன்: 'நான் கூட்டத்தில் இருந்தேன். என்னை நிறுவனம் அழைக்கவில்லை. நான் உணவருந்தவில்லை. முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது மகிழ்ந்துபோய், மேலே எழுதியிருந்ததைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது. நிறுவன ஊழியரின் அறிக்கை முழுவதும் உண்மை.'

அலுவலர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மகிழ்ந்துபோய்ங்கறது வேணுமா டாக்டர்? எல்லாரும் பாப்பாங்க. ஞாபகப் பிசகுன்னு போட்டாக்கூட ஏத்துப்போம்."

"எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு" என்றேன்.

அன்று மாலை அவள் வரும்வரை நான் வரவேற்பறையை விட்டு நகரவில்லை. செருப்பைக் கழற்றும்போதே நகலை நீட்டினேன். நேற்றுப் போலவே நின்றபடி படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் மேலேயிருந்து ஆரம்பித்தாள்.

"நான் 'மரியாதை நிமித்தமாக'ன்னு எழுதியிருந்தேன் மாமா."

"அது உன் தயவு. இதுதான் நடந்தது."

"தேர்வு போச்சுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. சொன்ன பிறகுதான் எழுதினேன்." நேற்று அவளிடம் பேசியதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "நேத்து நான் உன்னைக் கேட்ட கேள்வி... அதைக் கேட்டிருக்கக் கூடாது மா."

"கேக்கலேன்னாத்தான் மாமா ஆச்சரியம்" என்றாள். "உங்க பேரை யாரு தொட்டாலும் நீங்க கேப்பீங்க. நானா இருந்தாலும் கேப்பீங்கன்னு தெரிஞ்சுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஒரு வருஷம் தானே. ஏழு வருஷம் இருந்தவளுக்கு இது என்ன?"

ஏழு என்று அவள் சொன்னது அதுவே முதல் முறை. கணக்கு அவளிடமும் இருந்திருக்கிறது. ஆனால் அதை நீட்டிக் கேட்காதவள்.

என் மனைவி நகலை அவள் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "தவறு என்னுடையது" என்று ஒருமுறை சத்தமாக, எழுத்தெழுத்தாக வாசித்தாள். "கல்யாணமாகி நாப்பத்தி மூணு வருஷத்துல இந்த மனுஷன் எழுதிக் குடுத்த முதல் காயிதம். ஏம்மா, இதுல எனக்கு ரெண்டு நகல் எடுத்துக் குடு. ஒண்ணு பீரோவுக்கு, ஒண்ணு சமையலறைக்கு."

"ஒண்ணே போதும் அத்தை. நிறைய எடுத்தா மதிப்புப் போயிடும்" என்றாள் மருமகள். இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டு அதை ஏற்றுக்கொண்டேன்.

ஏரியா மேனேஜர் பதவி வேறொருவருக்குப் போனது. அவள் அவருக்கு வாழ்த்துச் சொன்னாள், வேலையைப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வெளியானது. என் பெயர் பட்டியலில் இல்லை. கடைசியில் திருத்தப் பகுதியில் இருந்தது. அதில் ஊழியரின் அறிக்கை என்று ஒரு பத்தி, டாக்டரின் விளக்கம் என்று ஒரு பத்தி, ஒன்றன் கீழ் ஒன்றாக. நான் என் மகனுக்குப் போன் செய்து அதைப் பார்க்கச் சொன்னேன். அவன் பார்த்துவிட்டு, "என்னப்பா, ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி எழுதியிருக்கீங்க" என்றான். சொல்லி வைக்கவில்லை என்பதுதான் அதில் விசேஷம் என்றேன்.

அன்று பிற்பகலே துறைத் தலைவர் கூப்பிட்டான். குரல் தயங்கியது.

"சார், அதைப் பாத்தேன். மனசு கஷ்டமாப் போச்சு. பேனாவைத் திறந்து குடுத்தது நான். நீங்க எதுக்கு சார் அப்படி எழுதணும்? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேர் பாக்கணும்னுதான் எழுதினேன். என் மருமகளோட பத்தியை மேல படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அந்தப் பத்திக்குக் கீழ என் பேரு வர்றதுல எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

அவன் பேச்சை மாற்றுவதுபோல, "அடுத்த வாரம் மறுபடியும் ஒரு கூட்டம் வச்சிருக்காங்க சார், உங்க மருமக. எங்க டிபார்ட்மென்ட்லேர்ந்து எத்தனை பேர் வருவாங்கன்னு இதுவரைக்கும் மூணு தடவை போன் பண்ணிட்டாங்க" என்றான்.

"நீ என்ன சொன்ன?"

"பாத்துச் சொல்றேன்னு சொன்னேன் சார்."

"போன வாட்டி பன்னெண்டு பேருன்னு சொன்னதும் நீதானே?"

"ஆமா சார்."

"அப்ப முதல்ல இந்தப் போனை வை. ஒவ்வொருத்தர் அறைக்கும் நேர்ல போய்க் கேளு. வர்றவன் பேரை மட்டும் எழுதி அவளுக்கு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லு."

"சரி சார்" என்றான். பயிற்சிக்கு வந்த நாளில் சொன்ன அதே 'சரி சார்'. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளறையில் மருமகளின் போன் அடித்தது. அவள் பேனாவைத் தேடி, "சொல்லுங்க டாக்டர், எழுதிக்கறேன்" என்று ஒவ்வொரு பெயராகத் திருப்பிச் சொல்லி எழுதுவது எனக்குக் கேட்டது. ஏழு பெயர்.